மாமா கொண்டுவந்த வெந்நீர்ச் சீர்

பொங்கல் முடிந்து ஆறு நாள் கழித்துப் பொங்கல் சீர் கொண்டுவந்த தாய்மாமன் ஜெயங்கொண்டம் வட்டாரத்திலேயே எங்கள் மாமா ஒருவராகத்தான் இருக்கும். மற்ற வீடுகளுக்குக் கரும்பும் மஞ்சள்கொத்தும் போகிக்கு முன்பே வந்து இறங்கிவிட்டன. மாமா வரவில்லை. போன் செய்து, "சரக்கு இன்னும் கோயமுத்தூர்லேருந்து வரலக்கா, வந்ததும் வரேன்" என்று மட்டும் சொன்னார். பச்சரிசியும் வெல்லமும் எதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும் என்று பெரியப்பா கேட்டார்.

அரியலூர் தனி மாவட்டமாகி, பிறகு இல்லை என்றாகி, மறுபடியும் ஆவதற்கு முந்தைய காலம் அது. நாங்கள் எந்த மாவட்டம் என்பதில் பள்ளிக்கூடத்திலேயே குழப்பம் இருந்தது. எனக்குப் பத்து வயது. வீட்டில் எட்டுப் பேர். அப்பாவின் அண்ணனான பெரியப்பா ரெவின்யூ ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ்தான் அவரை விட்டது, அவர் ஆபீஸை விடவில்லை. வீட்டில் எந்தக் காரியமும் அவர் பார்வைக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். என் அப்பா சொந்தமாக ஒரு கருத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் பேப்பர் படிப்பார்.

அம்மாவின் நாள் நாலரை மணிக்குத் தொடங்கும். கொல்லையில் மூன்று கல் கூட்டிய அடுப்பில் பித்தளை அண்டாவை ஏற்றி, முந்திரி விறகைச் செருகிப் பற்றவைப்பாள். எங்கள் பக்கம் முந்திரி விறகுக்குப் பஞ்சமில்லை. அதன் புகைக்கும் பஞ்சமில்லை. பனியில் நனைந்த விறகு, பக்கத்தில் இருப்பவரை ஒரு பாட்டம் அழவைத்துவிட்டுத்தான் எரியத் தொடங்கும். அம்மாக்களுக்கெல்லாம் பிறவியிலேயே கண் சிவப்பாக இருக்கும் என்று மூன்றாம் வகுப்பு வரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்குப் பெரியப்பா குளிப்பார். பதினோரு செம்பு. ஒரு செம்பு குறைந்தாலும் அன்று முழுக்க உடம்பு சரியில்லை என்பார். அவருக்குப் பிறகு பெரியம்மா, அப்பா, பெரியப்பாவின் மூன்று பிள்ளைகள், நான் என்று அண்டா காலியாகிக்கொண்டே வரும். அம்மா கடைசி. அவளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பச்சைத்தண்ணீர்தான். இரண்டு வருடமாக இருமல் வேறு சேர்ந்துகொண்டிருந்தது.

மாமா அம்மாவுக்குத் தம்பி. வேப்பந்தட்டையில் இருந்தார். அவர் தொட்டது எதுவும் துலங்கியதில்லை. காடைப் பண்ணை வைத்தார். ஒருநாள் கூண்டைச் சாத்த மறந்து சினிமாவுக்குப் போய்விட்டார். அந்த வருடம் வேப்பந்தட்டைப் பூனைகளெல்லாம் கொழுத்துப் போயின. பிறகு எஸ்.டி.டி. பூத் திறந்தார். அதே வருடம் ஊரில் எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன் வந்துவிட்டது. இந்த இரண்டு கதைகளையும் பெரியப்பா வீட்டுக்கு வருகிற யாருக்கும் சொல்வார். அம்மா காப்பி கொடுக்க வரும்போது இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்வார். அம்மா டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இப்போது மாமா பெரம்பலூரில் சோலார் வாட்டர் ஹீட்டர் விற்கிற கடை ஒன்றில் கூட்டாகச் சேர்ந்திருந்தார். கோயம்புத்தூரில் மூன்று நாள் பயிற்சியும் முடித்துவிட்டார். முதல் மெஷினை யாருக்கு மாட்டுவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சீர் என்ன என்பது தெரிந்த அன்று போனில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "அக்கா, இனிமே நீ ஆறு மணி வரைக்கும் தூங்கு. அடுப்பு கிடுப்பு ஒண்ணும் பத்தவைக்க வேணாம். பைப்ப தொறந்தா வெந்நி." அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

தெருவில் யாரும் இதை நம்பவில்லை. எங்கள் ஊரில் சித்திரை மாதம் நடுப்பகலில் சாதாரணப் பைப்பைத் திறந்தாலே கை வெந்துவிடும். அதற்கு ஒரு மெஷின் வைத்து வெந்நீர் காய்ச்சுகிற குடும்பம் எங்களுடையதுதான் என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள். பெரியப்பாவும் நம்பவில்லை. ஆனால் சீர் என்று வருவதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால் அவர் வேறு நிபந்தனை வைத்தார்.

"சீருன்னா சீராத்தான் வரணும். மினி லாரியில வந்து வாசல்ல எறக்கிட்டுப் போறதுக்கு இதென்ன ஒரமூட்டையா" என்றார்.

ஆகவே தை மாதத்து முதல் வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சீர் புறப்பட்டது. அன்று எனக்குப் பள்ளிக்கூடம் போக முடியாதபடி வயிற்றுவலி. சோலார் என்றால் கண்ணாடி பதித்த பெட்டி ஒன்று வரும் என்று நினைத்திருந்தோம். வந்தவை பதினைந்து கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றும் என்னைவிட உயரம், கருநீல நிறம். பெரிய தாம்பாளத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு போவோர் வருவோரை இடித்தன. கடைசியில் பதினைந்து சுமங்கலிகள் ஆளுக்கொன்றாகத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் நிஜக் கரும்பும் வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் எது கரும்பு எது குழாய் என்று தெரியவில்லை. ஒரு ஆடு நிஜமாகவே ஏமாந்து, ஒரு குழாயின் பின்னால் வீடு வரைக்கும் வந்தது.

"எதுக்கு அத்தே இத்தன டியூப்லைட்டு, கல்யாண மண்டபமா கட்டுறீங்க" என்று ஒரு பெண் கேட்டதற்கு, பெரியம்மா பெருமை குறையாமல், "வெந்நி வெளக்கு" என்றார்.

மாமா வேட்டி மடிப்புக் கலையாமல் முன்னால் நடந்தார். ஒரு கையில் பழத்தட்டு, இன்னொரு கையில் வால்வு. அவர் அப்படி நிமிர்ந்து நடந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்மா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

எட்டரை மணிக்கு மாமாவும், கூட வந்த பிளம்பரும் மொட்டை மாடியில் வேலையைத் தொடங்கினார்கள். பச்சைத்தண்ணீர்த் தொட்டி சோலார் டேங்கைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்று அதற்கு முன்தினமே செங்கல் மேடை கட்டியாகிவிட்டது. இரும்பு ஸ்டாண்டு நின்றது. அதன் உச்சியில் உருளையாக டேங்க். டேங்கின் துளைகளில் ரப்பர் வாஷரைப் போட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, குழாய்களை ஒவ்வொன்றாகத் திருகிச் செருகினார்கள். பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். ஒன்பதரைக்குப் பதினைந்தும் ஏறிவிட்டன. உடனே மாமா ஒரு தார்ப்பாயை எடுத்து மேலே போர்த்தினார்.

"காலியா இருக்கறப்ப வெயில் படக்கூடாதுங்க. இப்பவே தண்ணி தொறந்துடலாம்" என்றார்.

அந்த நேரத்தில்தான் பெரியப்பா மாடிக்கு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெஷினை ஒரு சுற்றுச் சுற்றினார். ஏதோ நிலத்தை அளக்க வந்தவர் மாதிரி நாலு பக்கமும் பார்த்தார்.

"மாப்ள, இது எந்தத் தெசை பாத்து நிக்குது?"

"தெக்க பாத்துங்க, பெரிய மச்சான். தெக்க பாத்தாத்தான் நாள் பூரா வெயில் வுழும்."

"தெக்க யாரு இருக்கான்னு தெரியுமா?"

மாமாவுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். எமனைப் பார்த்தபடி எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக்கூட வாசல் கிடையாது. அது போதாதென்று, பெரியம்மா குங்குமச் சிமிழோடு நின்று யோசித்து, இன்னொன்றையும் கண்டுபிடித்தார். டேங்க் வடக்குப் பக்கம் உயரத்தில் இருக்கிறது, குழாய்களின் நுனி தெற்குப் பக்கம் தாழ்ந்திருக்கிறது. அப்படியென்றால் மெஷின் வடக்கே தலைவைத்துப் படுத்திருக்கிறது.

"வாழ்ந்து கெட்டவன்கூட வடக்க தலை வச்சுப் படுக்கமாட்டான். சொமங்கலிங்க சொமந்தாந்த சாமானு" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் நடந்தது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில்கூட நடக்காத விசாரணை. கிழக்கே திருப்பு என்றார் பெரியப்பா. அப்படி வைத்தால் மத்தியானத்துக்கு மேல் சூடு ஏறாது என்றார் மாமா. சூரியனுக்கே கிழக்கே பார்த்துத்தானே பொங்கல் வைக்கிறோம், இது அதைவிடப் பெரிய தெய்வமா என்றார் பெரியப்பா. அப்பாவிடம் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. அவர், அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மாப்பிள்ளை சொல்வதிலும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். தார்ப்பாயும் அதற்குள் போய்விட்டது. திசை தெரிய வேண்டும் என்று பெரியப்பாதான் விலக்கச் சொன்னார்.

தீர்த்துவைத்தவர் பிளம்பர். அவருக்குச் சாயங்காலம் செந்துறையில் வேறு வேலை இருந்தது.

"சார், இது எங்க படுத்துருக்கு? சாஞ்சுல்ல நிக்குது. படுக்கறதுக்குச் சாஸ்திரம் இருக்கு. சாயறதுக்கு இருக்குதுங்களா?"

பெரியப்பா யோசித்தார். அவர் சர்வீஸில் பார்த்த எந்த ஃபைலிலும் சாய்வதற்கு விதி இல்லை. "சரி, சாயட்டும்" என்றார். மாமா பாய்ந்து போய் வால்வில் கை வைத்தார். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"கையை எடு. பத்தரை ஆயிடுச்சு."

வெள்ளிக்கிழமை, பத்தரை பன்னிரண்டு ராகுகாலம். இது பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். ராகுகாலத்தில் முதல் தண்ணீர் விட எந்தச் சுமங்கலியும் சம்மதிக்கமாட்டாள். எல்லோரும் கீழே போய் நீர்மோர் குடித்தார்கள். மாமா மட்டும் மாடியில் நின்றார். அவர் தார்ப்பாயை மறுபடி போர்த்தப் போனபோது, மங்கலப் பொருளுக்கு முக்காடு போடுகிறாயா என்று பெரியம்மா தடுத்துவிட்டார். தைமாதத்து வானம் ஒரு துளி மேகமில்லாமல் இருந்தது. நான் மாடிக்கு ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வந்தேன். மாமா குழாய்களுக்கும் சூரியனுக்கும் நடுவே வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய நிழலில் மூன்று, நான்கு குழாய்களே அடங்கின. அதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பன்னிரண்டு அடித்ததும் அப்பாவைத் தவிர எல்லோரும் மேலே வந்தார்கள். மாமாவின் முகம் வேர்த்துக் கறுத்திருந்தது.

"பெரிய மச்சான், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. இப்ப ஊத்தக்கூடாது. குழாய் உள்ள நெருப்பா காஞ்சுருக்கும். சாயங்காலம் வெயில் தாழ ஊத்திக்கலாம்."

"வந்தவங்க எல்லாம் சாயங்காலம் வரைக்கும் ஒங்க குழாயப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருப்பாங்களா?" பெரியப்பா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "வெயில்ல ஓடற மெசினும்பாரு, வெயில்ல வச்சா கெட்டுடும்பாரு. காடைய வச்சாரு, அது பறந்துடுச்சு. இது எங்க பறக்கப் போவுதோ."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா நினைத்திருந்தால் அன்று முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு வேப்பந்தட்டைக்கு பஸ் ஏறிவிடவும் அவரால் முடியும். இங்கேயே இருக்க வேண்டியவள் அவருடைய அக்கா. பெண் கொடுத்த வீட்டில் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத மனிதர் அவர். சூடம் ஏற்றினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டு வால்வைத் திறந்தார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு காற்றுப் போவதற்காக வைத்திருந்த பைப்பிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. "அட, அதுக்குள்ள கொதிக்குதே" என்று பெரியப்பா வியந்தார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் டப்பென்று ஒரு சத்தம். தீபாவளிக்கு வாங்கிய மிச்ச வெடியைப் பையன்கள் யாரோ போடுகிறார்கள் என்று நினைத்து, பெண்கள் இன்னும் உரக்கக் குலவை போட்டார்கள். அடுத்த டப். அதற்கடுத்து வரிசையாக இரண்டு மூன்று. குலவை நடுவிலேயே நின்றுபோனது. எல்லோரும் செங்கல் மேடைக்குப் பின்னால் ஓடினார்கள். நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. சத்தம் ஓய்ந்ததும் எண்ணினேன், பதினோரு குழாய்கள் வெடித்திருந்தன. சுடுதண்ணீர் மஞ்சளும் குங்குமமுமாக மாடிப்படி வழியே இறங்கி, கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் காலை நனைத்தது. அப்பா அலறினார்.

பெரியப்பா மேடைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "வெந்நி வந்துடுச்சு. குளிக்கத்தான் ஆள் இல்ல" என்றார். தெரு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பெரியம்மா கண்திருஷ்டி என்றார். நானும் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. சாப்பாட்டுக்கு அவர் உட்காரவில்லை. தன்னால்தான் ஆனது, தானே அவசரப்பட்டுத் திறந்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. திறக்கக்கூடாது என்று சொன்னவரே அவர்தானே என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கண்ணாடித் தூளையெல்லாம் ஒரு சில்லு விடாமல் கூட்டி அள்ளினாள். பிறகு மிச்சமிருந்த குழாய்களைத் தொட்டுப் பார்த்து, "நாலு நல்லாத்தான்டா இருக்கு" என்று மாமாவிடம் சொன்னாள். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் நாலரைக்கு அம்மா வழக்கம்போல அடுப்பு பற்றவைத்தாள். பெரியப்பா பதினோரு செம்பு ஊற்றிக்கொண்டார். காடை, பூத் இரண்டோடு மூன்றாவதாக ஒரு கதையும் சேர்ந்துவிட்டது. எனக்கு அந்தக் கதையைக் கேட்கக் கேட்க மாமா மேல் இரக்கம் வந்ததே தவிர, கதையைக் கேட்பதை நிறுத்த முடியவில்லை. பெரியப்பா நன்றாகச் சொல்வார்.

பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை பெரியப்பா பென்ஷன் விஷயமாக அரியலூருக்குப் போயிருந்தார். அதைக் கேட்டுவைத்துக்கொண்டுதான் மாமா வந்திருக்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு, பதினோரு குழாய்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பிளம்பரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். தாம்பாளம் இல்லை, குலவை இல்லை. நல்ல நேரமா என்று யாரும் பார்க்கவில்லை. ஆறரைக்குள் குழாய்களை ஏற்றித் தண்ணீர் நிரப்பிவிட்டு, அம்மா கொடுத்த காப்பியை நின்றுகொண்டே குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். பெரியப்பா திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் முழுக்க வெயில் வாங்கி, அதற்கடுத்த நாள் விடியற்காலையில் பைப்பில் வெந்நீர் வந்தது. ஆவி பறக்க வந்தது. பெரியப்பா முதலில் ஒரு விரலை மட்டும் நீட்டிப் பார்த்தார். "நெருப்புல காஞ்ச சூடு மாதிரி வராது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், பதினோரு செம்புக் கணக்கையும் மறந்து அரைமணி நேரம் கழித்து மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்து வெளியே வந்தார். ஒரு மாதத்துக்குள் ஊருக்கே அவர் பாடம் நடத்தத் தொடங்கினார். "தெக்க பாத்துத்தான் வைக்கணும், அதுதான் சயின்சு. வடக்க தலை இருந்தா என்ன, அதென்ன மனுசனா?" மாமாவைப் பற்றிய மூன்றாவது கதையை மெல்ல விட்டுவிட்டார். மற்ற இரண்டும் தொடர்ந்தன.

எனக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. அம்மா இன்னமும் நாலரைக்கே எழுந்துவிட்டாள். நான் அவள் பக்கத்தில்தான் படுப்பேன், அதனால் தெரியும். முதல் நாள் பழக்கதோஷம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் எழுந்தாள். மூன்றாம் நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் ஒரு காலை மடக்கி, ஒரு காலைத் தொங்கவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் காப்பி. வாய்க்குள் ஏதோ பாட்டு. அம்மாவுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"என்னம்மா பண்ற?"

"சும்மாதான். நீ போய்ப் படு."

அம்மா சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆறு மணி வரை தூங்கு என்று சொல்லித்தானே மாமா இவ்வளவு பாடுபட்டார், அவருடைய மெஷின் இப்படி வீணாகப் போகிறதே என்று ஆற்றாமையாகவும் இருந்தது. நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் எல்லோரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பொதுவில் வைத்துவிட்டேன்.

"பெரியப்பா, அம்மா இன்னமும் நாலரைக்கே எந்திரிச்சுடுது. எந்திரிச்சு அஞ்சரை மணி வரைக்கும் கல்லுல சும்மாவே ஒக்காந்துருக்குது. நீங்களாச்சும் சொல்லுங்க."

பெரியப்பா ஒரு அதட்டல் போட்டால் அம்மா ஆறு மணி வரை தூங்குவாள் என்பது என் திட்டம். அவர் இட்லியைச் சட்னியில் தோய்த்தபடி யோசித்தார்.

"சும்மாவா ஒக்காந்துருக்கு? அப்ப அஞ்சு மணிக்கு எனக்கொரு சுக்குக் காப்பி போட்டுக் குடுக்கலாமே. பனிக்கு நெஞ்சு கட்டுது."

பெரியம்மா, தன் மூத்த பையன் டியூஷனுக்கு ஐந்தரைக்கே கிளம்புகிறான், அவனுக்கும் இரண்டு தோசை சுட்டுவிடலாம் என்றார். பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா, நான் கேட்க முதல்முறையாகச் சொந்தமாக ஒரு கருத்துச் சொன்னார். "காப்பி போடறப்ப எனக்கும் ஒண்ணு."

அம்மா சரி என்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை. தட்டில் இன்னொரு இட்லியை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு நல்ல காரியத்தைப் பாதியாவது முடித்த திருப்தி எனக்கு. இனிமேல் அம்மா இருட்டில் தனியாகச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே அன்றைக்குப் பள்ளிக்கூடம் போனேன்.